எழுபதுகளின் ராக் ஆல்பங்கள் எப்படிப் பதிவாயின: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இசைத்தட்டுப் பிரியர்கள் கூடும் இடத்தில் எல்லாம் திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறோம். பேச்சு முழுக்க இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பதிவான ராக் ஆல்பங்களைப் பற்றித்தான். டிஸ்கோ, பங்க் ரசிகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அடிப்படையிலிருந்து ஆரம்பிப்பதால், விஷயம் தெரிந்தவர்கள் நேராகப் பாதிக்குக் கீழே போகலாம்.

16 டிராக், 24 டிராக்னு சொல்றாங்களே, ஆல்பத்துல அத்தனை பாட்டு இருக்குன்னு அர்த்தமா?

இல்லை. இங்கே டிராக் என்பது டேப்பின் அகலத்தில் பக்கம் பக்கமாக ஓடும் பட்டைகளில் ஒன்று. பாஸ் கிட்டார் ஒரு பட்டையில், ஸ்நேர் டிரம் ஒன்றில், பாடகர் குரல் இன்னொன்றில் என்று தனித்தனியாகப் பதிவாகும். பிறகு அவற்றின் அளவைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைத்து இரண்டு டிராக் ஸ்டீரியோவாக இறக்குவதுதான் மிக்ஸிங்.

பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் 1969 அக்டோபரில் லண்டன் ரீஜென்ட் சவுண்டில் 4 டிராக்கில் பதிவானது. 1971 முதல் 1973 வரை பெரிய ஸ்டுடியோக்களில் 16 டிராக் வழக்கமாகிவிட்டது. பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' அதில்தான் பதிவானது. பத்தாண்டின் நடுவில் 24 வந்தது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 16-க்கும் 24-க்கும் டேப்பின் அகலம் ஒன்றேதான், 2 அங்குலம். ஆகவே 24-இல் ஒவ்வொரு பட்டையும் ஒல்லி: சுமார் 1.8 மில்லிமீட்டராக இருந்தது 1.1-க்கு இறங்கியது. பட்டை ஒல்லியானால் இரைச்சல் கூடும். 16 டிராக்கின் டிரம்ஸ்தான் கனமாக இருக்கிறது என்று இன்றும் சில ஒலிப்பதிவு இன்ஜினியர்கள் அடம்பிடிப்பதற்குக் காரணம் இதுதான். அது வெறும் பழம்பெருமை இல்லை.

ஒரு ஆல்பம் முழுசும் ஒரே ரீல்ல அடங்கிடுமா?

அடங்காது. 10½ அங்குல ரீலில் 2,500 அடி டேப் இருக்கும். நொடிக்கு 15 அங்குலம் ஓடினால் 33 நிமிடம். 30 அங்குலம் ஓடினால் 16½ நிமிடம்தான். ஒரு பாட்டுக்கு ஆறேழு முறை வாசித்துப் பார்ப்பார்கள் என்றால், ஒரே பாட்டுக்கு இரண்டு ரீல் போய்விடும்.

30-இல் ஓட்டினால் இரைச்சல் குறையும், உச்ச ஒலிகள் தெளியும். ஆனால் அடிமட்ட பாஸ் கொஞ்சம் மெலியும், டேப் செலவு இரட்டிப்பாகும். 15-இல் ஓட்டியவர்கள் பெரும்பாலும் டால்பி ஏ பெட்டியைத் துணைக்கு வைத்தார்கள். அது இரைச்சலைச் சுமார் 10 டெசிபல் இறக்கும். டிராக் ஒன்றுக்கு ஒரு டால்பி வேண்டும் என்பதால் 16 டிராக் ஸ்டுடியோவில் அதற்கென்றே தனி அலமாரி நின்றது.

எல்லாரும் ஒண்ணா நின்னு வாசிச்சாங்களா, இல்ல தனித்தனியா வந்து வாசிச்சுட்டுப் போனாங்களா?

இரண்டும். முதலில் டிரம்ஸ், பாஸ், ஒரு கிட்டார் அல்லது பியானோ சேர்ந்து வாசிப்பார்கள். பாடகர் வழிகாட்டுக்காக ஒரு ஓரத்தில் பாடுவார். இதற்குப் பேசிக் டிராக் என்று பெயர். ஒரு முறை வாசித்துப் பதிவது ஒரு டேக்; டிரம்ஸ் சரியாக விழுந்த டேக்கைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். மற்றவர்கள் தப்பினால் திருத்தலாம், டிரம்ஸ் தப்பினால் எல்லாமே போச்சு. அதன் மேல் தனிக் கிட்டார், குரல், கோரஸ் எல்லாம் ஒவ்வொன்றாக ஏறும். அது ஓவர்டப்.

எவ்வளவு நாள் என்பது ஆளைப் பொறுத்தது. மேலே சொன்ன சப்பாத் ஆல்பத்தை ஒரே நாளில் முடித்தார்கள். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 'பார்ன் டு ரன்' என்ற ஒரே பாட்டுக்கு ஆறு மாதம் எடுத்துக்கொண்டார்.

ஓவர்டப் பண்றப்போ பழைய டிராக்கைக் கேட்டுக்கிட்டே வாசிக்கணுமே, தாளம் தள்ளிப் போகாதா?

நல்ல கேள்வி. டேப் மெஷினில் மூன்று ஹெட் வரிசையாக இருக்கும்: அழிப்பது, பதிவது, படிப்பது. பதியும் ஹெட்டுக்கும் படிக்கும் ஹெட்டுக்கும் இடையே 2 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், 15 அங்குல வேகத்தில் அது 0.13 நொடி. படிக்கும் ஹெட்டில் வருவதைக் கேட்டு வாசித்தால் புதிய டிராக் அவ்வளவு பின்தங்கி விழும். காதில் குத்தும் வித்தியாசம் அது.

ஆகவே ஓவர்டப் நேரத்தில் பதியும் ஹெட்டையே படிக்கவும் வைப்பார்கள். இதற்கு சிங்க் என்று பெயர். தரம் மங்கலாகத்தான் கேட்கும், ஆனால் நேரம் துல்லியம். ஹெட்ஃபோனில் மங்கலாகக் கேட்டதைத் தரம் குறைந்துவிட்டது என்று பதறிய புதிய கலைஞர்களைச் சமாதானப்படுத்துவது உதவி இன்ஜினியரின் வேலை.

பாடகர் நடுவுல ஒரு வரி மட்டும் சொதப்பினா முழுப் பாட்டும் திரும்பப் பாடணுமா?

வேண்டாம். டேப்பை ஓட்டி, அந்த வரி வரும்போது ரெக்கார்ட் பட்டனை அழுத்தி, வரி முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். இது பஞ்ச் இன். பாடகர் மூச்சு எடுக்கும் இடத்திலோ பலமான ஸ்நேர் அடியிலோ உள்ளே போக வேண்டும். கொஞ்சம் முந்தினால் நல்ல வரியின் வால் அழியும். பிந்தினால் கெட்ட வரியின் தலை மிஞ்சும். அழிந்தது திரும்ப வராது. அன்டூ பட்டன் கிடையாது.

இடம் இருந்தால் வேறு வழி உண்டு: நாலைந்து டிராக்கில் முழுப் பாட்டையும் பாடவைத்து, வரிக்கு வரி சிறந்ததைப் பொறுக்கி இன்னொரு காலி டிராக்கில் சேர்ப்பது. கவனமான ஸ்டுடியோக்களில் பாடல் வரிகள் எழுதிய தாளில் எந்த வரி எந்த டேக் என்று குறித்து வைத்துக்கொண்டு செய்வார்கள்.

கம்ப்யூட்டர் இல்லாம எப்படி வெட்டி ஒட்டினாங்க?

ரேசர் பிளேடால். டேப்பைக் கையால் ஹெட்டின் மேல் முன்னும் பின்னும் நகர்த்தி, அடி விழும் இடத்தைக் காதால் பிடித்து, மெழுகு பென்சிலால் டேப்பின் பின்பக்கம் கோடு போடுவார்கள். பள்ளம் வெட்டிய அலுமினியக் கட்டையில் டேப்பை வைத்து, சாய்வான காடியில் பிளேடை இழுப்பார்கள். இரண்டு முனையையும் நெருக்கி வைத்து ஒட்டும் டேப்பால் பின்பக்கம் ஒட்டினால் முடிந்தது. பிளேடு காந்தமேறியிருந்தால் ஒட்டிய இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் நிற்கும். அதனால் பிளேடைக் காந்தம் இறக்கி வைத்திருப்பார்கள்.

கால் அங்குல ஸ்டீரியோ டேப்புக்கு 45 டிகிரிச் சாய்வு சரி. 2 அங்குல டேப்பை அதே சாய்வில் வெட்டினால் மேல் டிராக்குக்கும் கீழ் டிராக்குக்கும் 2 அங்குல வித்தியாசம் வரும். முன்பு சொன்ன அதே 0.13 நொடி. கிக் டிரம் ஒரு டேக்கிலும் ஸ்நேர் இன்னொரு டேக்கிலுமாக ஒரு கணம் ஓடும். அதனால் அகல டேப்பைக் கிட்டத்தட்ட நேராகவே வெட்டினார்கள். ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' பாட்டின் 2 அங்குல மாஸ்டரில் 33 வெட்டு இருந்ததாக அதன் தயாரிப்பாளர் பில் ஷிம்சிக் சொல்லியிருக்கிறார். எங்கே என்று காதால் கண்டுபிடிக்க முயன்று பாருங்கள்.

வெட்டும் கணக்கு எளிது. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 தாள அடி, டேப் நொடிக்கு 15 அங்குலம் என்றால் ஒரு தாள அடிக்கு 7½ அங்குல டேப். பிங்க் ஃபிளாய்டின் 'மணி' பாட்டின் தொடக்கத்தில் காசு குலுங்கி, தாள் கிழிந்து, கல்லாப்பெட்டி அடிக்கிறதே, அது இப்படித்தான் உருவானது. ஒவ்வொரு சத்தத்தையும் தனியாகப் பதிந்து, துண்டுகளை ஸ்கேல் வைத்து ஒரே நீளமாக அளந்து வெட்டி, ஏழு தாள அடியாக ஒட்டி, முனையையும் முனையையும் சேர்த்து வளையமாக்கினார்கள். வளையம் மெஷினில் அடங்காது; மைக் ஸ்டாண்டைச் சுற்றிவிட்டு விறைப்பாகப் பிடித்துக்கொண்டு ஓட்டினார்கள். அந்த ஏழு அடி தாளத்துக்கு ஏற்பத்தான் பேண்டும் வாசித்தது.

16 டிராக்கும் நிரம்பிட்டா என்ன செய்வாங்க?

பவுன்ஸ். உதாரணமாக எட்டு டிராக் கோரஸை இரண்டு டிராக்காகக் கலந்து வேறு டிராக்கிலோ வேறு ரீலிலோ இறக்கினால் ஆறு டிராக் மிச்சம். ஆனால் கலந்த பிறகு ஒருவர் குரல் மட்டும் தூக்கலாக இருக்கிறது என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒரே தரமான டேப்பில் பிரதி எடுத்தால் முதல் பிரதியிலேயே இரைச்சல் சுமார் 3 டெசிபல் ஏறும், உச்ச ஒலிகள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மழுங்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் பவுன்ஸ் செய்யும்போதே உச்ச ஒலியை வேண்டியதைவிடக் கொஞ்சம் தூக்கியே இறக்கிவிடுவார்கள்.

இதன் உச்சம் குயினின் 'போஹீமியன் ராப்ஸடி', 1975. தயாரிப்பாளர் ராய் தாமஸ் பேக்கர். வேல்ஸில் உள்ள ராக்ஃபீல்டில் தொடங்கினார்கள். ஃப்ரெடி மெர்க்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர் மூவரே அந்த ஆபரா பகுதியின் கூட்டம் முழுக்க. 24 டிராக் மெஷினில் பாடிப் பாடி இறக்கி, மறுபடி பாடி, அந்தப் பகுதிக்கு மட்டும் சுமார் மூன்று வாரம். ஓவர்டப் 180-ஐத் தொட்டது. டேப் ஹெட்டின் மேல் ஓடி ஓடி, காந்தப்பூச்சு உதிர்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது என்று அதில் வேலை செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

டேப் நிஜமாவே தேயுமா? கதை விடுறாங்களோன்னு தோணுது.

தேயும். ஓவர்டப்புக்காக ஒரே ரீலை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஓட்டினால் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். முதலில் போவது உச்ச ஒலிகள்: ஸ்நேரின் சுளீர், கிக்கின் 'டக்'. மெதுவாகப் போவதால் தினமும் கேட்பவர்களுக்குத் தெரியாது.

ஃப்ளீட்வுட் மேக் 'ரூமர்ஸ்' ஆல்பத்தை 1976 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் ரெக்கார்ட் பிளாண்ட் ஸ்டுடியோவில் தொடங்கியது. மாதக்கணக்கில் ஓவர்டப் ஏற்றிய பிறகுதான் இன்ஜினியர்கள் கென் கய்யாவும் ரிச்சர்ட் டாஷட்டும் டிரம்ஸ் உயிரில்லாமல் கேட்பதைக் கவனித்தார்கள். நல்லவேளையாக ஆரம்பப் பதிவின் இன்னொரு ரீல் அதிகம் ஓடாமல் பத்திரமாக இருந்தது. அதில் டிரம்ஸ் புதுசு; ஓவர்டப் எல்லாம் தேய்ந்த ரீலில். இரண்டையும் இணைக்க இன்றைய மாதிரி டைம்கோட் (மெஷின்களை ஒன்றோடொன்று ஒட்டி ஓடவைக்கும் நேரக் குறி) அவற்றில் இல்லை. ஒரு நிபுணர் ஹெட்ஃபோனின் ஒரு காதில் ஒரு ரீலையும் மறு காதில் மற்றதையும் வைத்து, ஸ்நேரும் ஹை-ஹேட்டும் ஒன்றன் மேல் ஒன்று விழும்படி ஒரு மெஷினின் வேகத்தைக் கையால் திருகிக்கொண்டே பாட்டுப் பாட்டாக மாற்றினார். நாம் கேட்கும் 'ரூமர்ஸ்' அப்படி மீட்கப்பட்டது. நம் கருத்தில் அந்த ஆல்பத்தின் மிகப் பெரிய வாசிப்பு அதுதான்.

எழுபதுகள் டிரம்ஸ் ஒரு பக்கம் அட்டைப்பெட்டி மாதிரி 'டப் டப்'னு கேட்குது, இன்னொரு பக்கம் மலையே இடிஞ்சு விழுற மாதிரி கேட்குது. ஏன்?

முதல் வகை வேண்டுமென்றே செய்தது. டாம் டிரம்களின் கீழ்த்தோலைக் கழற்றிவிட்டு, உள்ளே இருந்து மைக் வைத்து, மேலே துணியோ ஒட்டுப்பட்டையோ போட்டு, கிக்குக்குள் தலையணை திணித்து, கம்பளம் ஒட்டிய சின்ன அறையில் டிரம்மரை உட்காரவைப்பார்கள். ஒவ்வொரு மைக்கிலும் அந்த ஒரு டிரம் மட்டும் விழும். டிராக் நிறையக் கிடைத்ததால் வந்த ஆசை இது. கட்டுப்பாடு கிடைத்தது, காற்று போய்விட்டது.

இரண்டாவதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் லெட் செப்பலின் நான்காம் ஆல்பத்தின் 'வென் தி லெவி பிரேக்ஸ்', 1971. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகை. ஜான் பான்ஹாமின் டிரம்ஸை மாடிப்படி ஏறும் கூடத்தின் அடியில் வைத்தார்கள். இன்ஜினியர் ஆண்டி ஜான்ஸ் மாடிப்படியின் மேலிருந்து இரண்டு பயர் எம்160 மைக்கைத் தொங்கவிட்டார். அவ்வளவுதான், டிரம்முக்கு ஒரு மைக் என்ற பேச்சே இல்லை. அந்த ஒலியைக் கம்ப்ரசரில் நன்றாக நசுக்கி, பின்சன் எக்கோரெக் எதிரொலிக் கருவியையும் சேர்த்தார்கள். கம்ப்ரசர் பலமான அடியை அமுக்கி, அடிக்கும் அடிக்கும் நடுவே கூடத்தின் முழக்கத்தை மேலே இழுக்கும். அந்த 'மூச்சு' அங்கிருந்து வருகிறது.

இதை வீட்டில் முயல்பவர்கள் செய்யும் தப்பு சிம்பல். கம்ப்ரசர் சிம்பலையும் சேர்த்து இழுத்து எல்லாவற்றையும் மூடிவிடும். சிம்பலை மென்மையாகவும் ஸ்நேர், கிக்கைப் பலமாகவும் அடிக்கத் தெரிந்த கை வேண்டும். மைக் இரண்டாம் பட்சம்.

அருமையான ஸ்டுடியோ இருக்கும்போது மாளிகை, ஹோட்டல்னு ஏன் போனாங்க?

வாடகை, வரி, கூடத்தின் ஒலி, நேரக் கட்டுப்பாடு இல்லாமை என்று காரணம் பல. கையில் கிடைத்தது ரோலிங் ஸ்டோன்ஸ் மொபைல்: ஒரு லாரிக்குள் ஹீலியோஸ் கன்சோலும் (ஒலிகளைக் கலக்கும் மேசை) டேப் மெஷினும். லாரியை வெளியே நிறுத்தி, கேபிளை உள்ளே இழுத்தால் எந்த வீடும் ஸ்டுடியோ.

தொல்லையும் உண்டு. ஸ்டோன்ஸ் 1971 கோடையில் தெற்கு பிரான்சில் நெல்கோட் மாளிகையின் நிலவறையில் வாசித்தபோது புழுக்கத்தில் கிட்டார்கள் பாட்டின் நடுவிலேயே சுருதி விலகின. டீப் பர்ப்பிள் அதே ஆண்டு டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மாந்த்ரோ கசினோவில் பதிவதாக இருந்தது. ஃபிராங்க் ஸப்பா கச்சேரியின்போது கசினோ எரிந்துபோனது. அடுத்துப் போன அரங்கில் சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் போலீசைக் கூப்பிட்டார்கள். கடைசியில் குளிர்காலத்துக்கு மூடியிருந்த கிராண்ட் ஹோட்டலின் நடைவழியில் மெத்தைகளைச் சுற்றி அடுக்கி 'மெஷின் ஹெட்' பதிவானது. லாரிக்குப் போய்க் கேட்டுவிட்டு வர அறை, பால்கனி என்று சுற்ற வேண்டியிருந்ததால், பேண்ட் கேட்கப் போவதையே விட்டுவிட்டது. வாசித்தது சரியாக வந்ததா என்பதைத் தங்கள் உள்ளுணர்வுக்கு விட்டார்கள். அந்த ஆல்பத்தில் தயக்கமே தெரியாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எக்கோ, ரிவர்ப் எல்லாம் எதுல போட்டாங்க?

பெரும்பாலும் தகடு. இஎம்டி 140 என்பது மரப்பெட்டிக்குள் ஸ்பிரிங்கில் தொங்கும் இரும்புத் தகடு. 2 மீட்டருக்கு 1 மீட்டர், அரை மில்லிமீட்டர் கனம். ஒரு முனையில் ஒலியைச் செலுத்தி அதிரவைத்து, வேறு இடத்தில் அந்த அதிர்வை எடுப்பார்கள். எடை 270 கிலோ அளவு. பக்கத்தில் கதவை அறைந்து சாத்தினால் அதுவும் பதிவாகும் என்பதால் தனி அறையில் வைத்தார்கள்.

எக்கோவுக்கு முன்பு சொன்ன ஹெட் இடைவெளியையே பயன்படுத்தினார்கள். அங்கே தொல்லையாக இருந்த 0.13 நொடி இங்கே வரம். வேகத்தை 7½ அங்குலமாகக் குறைத்தால் அது 0.27 ஆகும்.

சின்தசைசர் இல்லாமலே அந்தப் பெரிய கோரஸ் சத்தம் எப்படி வந்துச்சு?

சிலர் மெல்லோட்ரான் வைத்திருந்தார்கள்: 35 கட்டை, கட்டைக்கு ஒரு டேப் துண்டு. அழுத்தினால் எட்டு நொடிவரை வயலினோ கோரஸோ ஒலிக்கும், பிறகு நின்றுவிடும். எட்டு நொடிக்கு மேல் பிடிக்க வேண்டும் என்றால் விரல் மாற்ற வேண்டியதுதான்.

10சிசி என்ற பிரிட்டிஷ் பேண்ட் இதைப் பெரிதாகச் செய்தது, 1975-இல் 'ஐம் நாட் இன் லவ்' பாட்டுக்கு, ஸ்டாக்போர்ட்டில் தங்கள் ஸ்டிராபெர்ரி ஸ்டுடியோவில். மூன்று பேர் ஒரே சுரத்தை 16 முறை பாடிப் பதிந்தார்கள். சுரத்துக்கு 48 குரல். இப்படிப் பதின்மூன்று சுரம், மொத்தம் 624 குரல். ஒவ்வொரு சுரத்தையும் நீண்ட வளையமாக்கி ஓட்டி, 16 டிராக் டேப்பில் சுரத்துக்கு ஒரு டிராக்காக இறக்கினார்கள். அப்புறம் கன்சோலின் ஃபேடர்களே (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டைகள்) கீபோர்டு: எந்தக் கார்டு வேண்டுமோ அந்தச் சுரங்களின் ஃபேடரை நால்வரும் கையால் ஏற்றி இறக்கினார்கள். ஃபேடர் முழுசாகக் கீழே இறங்காமலிருக்க அடியில் ஒட்டுப்பட்டை ஒட்டியிருந்தார்கள். அதனால் பாட்டு முழுக்கப் பின்னணியில் எல்லாச் சுரமும் லேசாகக் கசிந்துகொண்டே இருக்கும். ஹெட்ஃபோனில் கேட்டால் அந்த மூடுபனி தெரியும்.

மெட்ரோனோம் வெச்சுதான் வாசிச்சாங்களா?

பெரும்பாலும் இல்லை. பல்லவி வரும்போது வேகம் கொஞ்சம் ஏறுவதும் சரணத்தில் இறங்குவதும் சகஜம். இயந்திரத் தாளத்தோடு ஒட்ட வேண்டிய கட்டாயம் முதலில் வந்தது சின்தசைசரால். தி ஹூவின் 1971 ஆல்பத்தில் 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்' பாட்டுக்கு பீட் டவுன்ஷெண்ட் ஆர்கனை விசிஎஸ்3 சின்தசைசர் வழியாகச் செலுத்தி முன்னமே பதிந்த டேப்பை ஓட்டி, அதன் மேல்தான் பேண்ட் வாசித்தது. கட்டுக்கடங்காத டிரம்மர் என்று பெயரெடுத்த கீத் மூன் ஹெட்ஃபோன் மாட்டி அதோடு ஒட்டி வாசித்திருப்பதைக் கேளுங்கள்.

மிக்ஸிங் அப்போ ரெண்டு மூணு பேர் சேர்ந்து செய்வாங்களாமே?

ஆமாம். ஃபேடர் அசைவுகளை மெஷினே நினைவில் வைத்துத் திரும்பச் செய்யும் ஆட்டோமேஷன் பரவலாக வந்தது எழுபதுகளின் பிற்பாதியில்தான். அதற்கு முன் ஒரு பாட்டை மிக்ஸ் செய்வது என்றால் இன்ஜினியர் குரலையும் டிரம்ஸையும் பார்ப்பார், கிட்டாரிஸ்ட் தன் சோலோ ஃபேடரைப் பிடிப்பார், இன்னொருவர் எக்கோ பட்டனைத் தட்டுவார். கன்சோலில் ஒட்டிய வெள்ளைப் பட்டையில் யார் எப்போது எவ்வளவு தூக்க வேண்டும் என்று பென்சில் குறி இருக்கும். ஒருவர் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து. அலுத்துப்போனால் நன்றாக வந்த பாதியையும் இன்னொரு மிக்ஸில் நன்றாக வந்த மறுபாதியையும் பிளேடால் ஒட்டிவிடுவார்கள்.

போவியோட 'ஹீரோஸ்'ல குரல் போகப் போக ஏன் அவ்வளவு பெரிசாகுது? வால்யூம் கூட்டினாங்களா?

வால்யூம் இல்லை, தூரம். 1977, பெர்லினின் ஹன்சா ஸ்டுடியோ, பெரிய கூடம். தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி மூன்று மைக் வைத்தார்: ஒன்று வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், அடுத்தது சுமார் 20 அடியில், மூன்றாவது சுமார் 50 அடியில். தூர மைக் இரண்டுக்கும் நாய்ஸ் கேட் போட்டார். குறிப்பிட்ட சத்தத்தைத் தாண்டினால்தான் கேட் திறக்கும். டேவிட் போவி மெல்லப் பாடும்போது பக்கத்து மைக் மட்டும். குரலை உயர்த்தினால் இரண்டாவது திறக்கும். கத்தினால் மூன்றாவதும் திறந்து கூடம் முழுக்க உள்ளே வரும்.

மிச்சமிருந்தது ஒரே டிராக் என்பதால் மூன்றும் கலந்தே அதில் பதிவானது. அடுத்த டேக் எடுத்தால் முந்தையது அழியும். பஞ்ச் இன் பற்றிச் சொன்ன ஆபத்து இங்கே முழுப் பாட்டுக்கும் பொருந்தும்.

ஒரு பாடகி வெறும் 30 பவுண்டுக்குப் பாடிட்டுப் போனாங்கன்னு சொல்றாங்களே, அப்புறம் உரிமை கிடைச்சுதா?

கிளேர் டோரி. 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' பாட்டில் சொற்களே இல்லாமல் குரலை மட்டும் வைத்துப் பாடியவர். 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். 30 பவுண்டு என்பது அன்றைய செஷன் கூலி. தான் பாடியது இசையமைப்பில் பங்கு என்று 2004-இல் வழக்குத் தொடுத்தார். 2005-இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. அதன்பின் வந்த பதிப்புகளில் பாட்டின் இசையமைப்பில் அவர் பெயரும் சேர்ந்தது.

எல்பியில ஒரு பக்கத்துக்கு ஏன் 20 நிமிஷம்தான்? கூட வெச்சா என்ன ஆகும்?

எல்பி இசைத்தட்டில் ஒலியைச் சுருள் தடமாக வெட்டுவார்கள். பாஸ் எவ்வளவு பலமோ தடம் அவ்வளவு அகலமாக ஆடும். நிமிடம் கூடினால் தடங்களை நெருக்க வேண்டும். நெருக்க வேண்டும் என்றால் மொத்த ஒலியளவையும் பாஸையும் குறைத்து வெட்ட வேண்டும். அப்போது தட்டின் சொந்த இரைச்சல் மேலே தெரியும். 18 முதல் 22 நிமிடம் வசதியான எல்லை. டாட் ரண்ட்கிரன் 1975-இல் 'இனிஷியேஷன்' ஆல்பத்தை ஒரே தட்டில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் திணித்தார். ஒலி ஒடுங்கியதைக் கேட்டாலே தெரியும்.

இன்னொரு சிக்கல் உட்பக்கம். தட்டு எப்போதும் 33⅓ சுற்றுதான். ஆனால் வெளி ஓரத்தில் ஊசியின் கீழே நொடிக்கு 20 அங்குலம் தடம் ஓடுகிறது என்றால், உள் ஓரத்தில் 8 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலேதான். அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் எழுதப்படுகிறது. 'ஸ்', 'ஷ்' எல்லாம் கரகரக்கும். அதனால் பக்கத்தின் கடைசிப் பாட்டாக மெதுவானதை வைப்பது பல இடங்களில் வழக்கமாக இருந்தது.

அளவுக்கு மீறிப் பலமாக வெட்டினாலும் ஆபத்து. 1969-இல் ராபர்ட் லட்விக் வெட்டிய 'லெட் செப்பலின் 2' மலிவான பிளேயர்களில் ஊசியைக் குதிக்கவைத்தது. நிறுவனம் அதை நிறுத்தி அடக்கமாக மறுபடி வெட்டவைத்தது. அந்த முதல் வெட்டிலிருந்து அச்சான தட்டுகளுக்கு இன்று ஏகப்பட்ட விலை. தட்டின் உள் ஓரத்து வெற்றிடத்தில் 'ஆர்எல்' என்று கீறியிருக்கும். பிரிட்டிஷ் தட்டுகளில் 'போர்க்கி' என்று கீறியிருந்தால் வெட்டியவர் ஜார்ஜ் பெக்கம். வாங்கும் முன் அட்டையைவிட அந்த இடத்தைப் பாருங்கள்.

இதெல்லாம் பெரிய ஸ்டுடியோவாலதான் முடியும், வீட்டுல முடியாதுன்னு சொல்லலாமா?

சொல்ல முடியாது. பாஸ்டன் என்ற பேண்டின் முதல் ஆல்பம், 1976. போலராய்டு நிறுவனத்தில் இன்ஜினியராக இருந்த டாம் ஷோல்ஸ், மசாசூசெட்ஸின் வாட்டர்டவுனில் தன் வீட்டு நிலவறையில் ஸ்கல்லி 12 டிராக் மெஷினில் பெரும்பகுதியைப் பதிந்தார். தொழில்முறை ஸ்டுடியோவில்தான் பதிய வேண்டும் என்று எபிக் இசைத்தட்டு நிறுவனம் கேட்டது. தயாரிப்பாளர் ஜான் பாய்லன் மற்ற உறுப்பினர்களை லாஸ் ஏஞ்சலஸ் கூட்டிப்போய் நிறுவனத்தின் கண்ணை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார். ஷோல்ஸ் வீட்டிலேயே வேலையைத் தொடர்ந்தார். கடைசியில் ஒரு மொபைல் வண்டி வந்து, நிலவறை ஜன்னல் வழியாகக் கேபிள் விட்டு, அவர் டிராக்குகளை 24 டிராக் டேப்புக்கு ஏற்றிக்கொண்டது. அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பிரதிகளுக்குச் சான்று பெற்ற ஆல்பம் அது.

ரீமாஸ்டர், ரீமிக்ஸ் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. ரீமாஸ்டர் என்பது முடிந்த ஸ்டீரியோ டேப்பை எடுத்து அதன் மேல் வேலை செய்வது. குரலை மட்டும் தூக்க முடியாது. ரீமிக்ஸ் என்றால் பலடிராக் டேப்புக்கே திரும்பிப் போய் மறுபடி கலப்பது. ஜெத்ரோ டல்லின் 'அக்வாலங்' 1971-இல் மங்கலாக வந்தது என்று பலரும் குறைபட்ட ஆல்பம். 2011-இல் ஸ்டீவன் வில்சன் பலடிராக்கிலிருந்து ரீமிக்ஸ் செய்தபோது குறை டேப்பில் இல்லை, மிக்ஸில்தான் இருந்தது என்று தெளிவானது. மாறாக, பவுன்ஸில் கலந்துபோனதை ரீமாஸ்டரும் ரீமிக்ஸும் பிரிக்காது.

பழைய டேப்பை அவன்ல வெச்சு சுடுவாங்கன்னு சொல்றாங்க, உண்மையா?

உண்மை, ஆனால் சமையல் அவன் இல்லை. எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த ஆம்பெக்ஸ் 456 போன்ற டேப்புகளில் காந்தத்துகளைப் பிடித்து வைக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைகிறது. ஓட்டினால் கிறீச்சிட்டு ஹெட்டில் பழுப்பாக ஒட்டும். விடாமல் ஓட்டினால் இசையே உரிந்து வரும். சீரான சூடு தரும் கருவியில் சுமார் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வைப்பார்கள். 2 அங்குல ரீலுக்கு நேரம் கூடுதல். ஆறவைத்து உடனே டிஜிட்டலில் பிரதி எடுக்க வேண்டும். சில வாரங்களில் ஈரம் ஏறி மறுபடி ஒட்ட ஆரம்பித்துவிடும்.

அசிடேட் அடித்தளம் கொண்ட பழைய டேப்பை மட்டும் சூட்டில் வைக்கவே கூடாது, முறுகிச் சுருண்டுவிடும். ரீலை வெளிச்சத்துக்கு நேராகப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்: சுற்றுகளின் வழியே வெளிச்சம் ஊடுருவினால் அது அசிடேட்.